எட்டாவது கணிப்பொறி

1976-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடம். யூனிக்ஸ் பிறந்து வளர்ந்த இடம் அது. ஒரு நாள் ஸ்டீவ் ஜான்சன் என்ற ஆய்வாளர் தம் சக ஊழியரான ஸ்டுவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் எரிச்சலோடு நுழைந்தார். தாம் எழுதிய புரோகிராமில் ஒரு பிழையைத் தேடி அன்று காலைப் பொழுது முழுவதையும் வீணாக்கியிருந்தார் அவர். கடைசியில் தெரியவந்தது என்ன? பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார்! ஆனால் திருத்திய பகுதியைக் கணிப்பொறிக்குப் புரியும் மொழிக்கு மீண்டும் மாற்ற மறந்துபோனார். ஆகவே, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்குத்தான்.

அச்சகத்தோடு பழக்கமுள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புரூஃப் திருத்தி, புதிதாக எழுத்துக் கோத்து வைத்துவிட்டு, பழைய பாரத்தையே மெஷினில் ஏற்றி ஓட்டினால் எப்படி இருக்கும்? “திருத்தியும் பிழை போகவில்லையே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஃபெல்ட்மனும் முந்தைய நாள் மாலையில் இதே போன்ற சங்கடத்தில் சிக்கியிருந்தவர். அந்த வார இறுதியில் உட்கார்ந்து ஒரு சிறு கருவியை எழுதி முடித்தார். ‘மேக்’ என்று அதற்குப் பெயரிட்டார். இன்று கணிப்பொறித் துறையில் வழங்கும் தானியங்கிக் கருவிகள் பலவற்றுக்கும் பாட்டன் முறையானது இந்த மேக்.

இந்தக் கருவிகள் செய்யும் வேலைதான் என்ன? நாம் எழுதுகின்ற புரோகிராம் ஒன்று. கணிப்பொறி ஓட்டுகின்ற புரோகிராம் வேறொன்று. ‘சி’ போன்ற மொழியில் நாம் எழுதுவதைக் கம்பைலர் என்னும் மொழிமாற்றி எந்திர மொழிக்கு மாற்றுகிறது. சிறிய புரோகிராம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பெரியவை நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான கோப்புகளில் பரவிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி, பிறகு எல்லாவற்றையும் பிணைத்து, ஓடக்கூடிய ஒரே புரோகிராமாக்க வேண்டும். இவ்வேலை முழுவதற்கும் ‘பில்ட்’ என்று பெயர். அப்படி ஆக்கி முடித்ததைக் கொண்டுபோய், அது உண்மையில் பணி செய்யவேண்டிய கணிப்பொறிகளில் வைத்து ஓடவிடுவதற்கு ‘டிப்ளாய்’ என்று பெயர். சமைப்பது பில்ட், பந்தியில் பரிமாறுவது டிப்ளாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் கையாலேயே செய்யலாம், செய்தும் வந்தார்கள். ஆனால் அப்போது ‘எதை எதைச் செய்தாயிற்று, எது பாக்கி’ என்ற கணக்கு மனிதனின் தலைக்குள் இருக்கிறது. ‘யாக்’ என்னும் புகழ்பெற்ற கருவியை ஆக்கிய ஜான்சனுக்கே அந்தக் கணக்கு தவறிப்போயிற்று என்றால், நம்மைப் போன்றோர் எம்மாத்திரம்?

இப்போது இவ்வேலைகளுக்கான கருவிகள் கணக்கற்றுப் பெருகிவிட்டன. புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கும் மாணவர் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று திகைக்கிறார். எது வேகமானது, எது புதியது, பெரிய கம்பெனிகள் எதை வைத்திருக்கின்றன என்று விசாரிக்கிறார். இவை தேவையற்ற கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் கருத்து. இந்தக் கருவி எந்தக் கணக்கைத் தான் வைத்துக்கொள்கிறது, எந்தக் கணக்கை இன்னும் என் ஞாபகத்துக்கே விட்டுவைக்கிறது என்பதே அது. இதைக் கையில் பிடித்துக்கொண்டு, கருவிகள் சிலவற்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதலில் மேக். சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தரும் புரோகிராம் ஒன்றை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். அதில் மூன்று கோப்புகள். சொற்களை உள்ளே வாங்குவது ‘படி’. வரிசைப்படுத்துவது ‘அடுக்கு’. தாளில் இறக்குவது ‘அச்சு’. இம்மூன்றுக்கும் பொதுவாக, ஒரு சொல் எத்தனை எழுத்து வரை நீளலாம் என்பன போன்ற விவரங்களைச் சொல்லும் ‘வடிவம்’ என்ற நான்காவது கோப்பும் இருக்கிறது. இப்போது ‘அச்சு’ கோப்பில் மட்டும் ஒரு வரியை மாற்றுகிறீர்கள். மறுபடியும் மாற்றவேண்டியது அதை மட்டுமே. பிறகு மூன்றையும் பிணைத்தால் போதும். ஆனால் ‘வடிவம்’ கோப்பில் கைவைத்தாலோ, மூன்றையுமே புதிதாக மாற்றியாக வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சொல்லின் நீளம் 40 எழுத்து என்று இரண்டு கோப்புகளும், 20 எழுத்து என்று மூன்றாவதும் நினைத்துக்கொண்டிருக்கும். புரோகிராம் எங்கோ, எப்போதோ, காரணம் புரியாமல் விழுந்துவிடும்.

மேக் இதை எப்படிச் சமாளிக்கிறது? எது எதைச் சார்ந்தது என்று ஒரு கோப்பில் நாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கும். மூலக் கோப்பின் நேரம், அதிலிருந்து ஆக்கிய கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் வேலை பாக்கி என்று பொருள், இல்லையேல் தொடவேண்டியதில்லை. தாய் பிள்ளைக்குப் பின்னால் பிறந்திருக்க முடியாது அல்லவா? அவ்வளவுதான் இதன் தத்துவம்! இத்தனை எளிய எண்ணத்துக்கு 2003-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது கிடைத்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு வியப்பில்லை. ஜான்சனின் தலையிலிருந்த கணக்கை எடுத்துத் தாளில் எழுதி, அதைக் கணிப்பொறியின் பொறுப்பில் விட்டது அதுதான்.

ஆனால் நம் கேள்வியை மேக்கிடமும் கேட்போம். எதை அது இன்னும் நம் ஞாபகத்துக்கு விட்டுவைக்கிறது? எது எதைச் சார்ந்தது என்னும் பட்டியலை எழுதுபவர் நாம்தான். ‘அச்சு’ கோப்பு ‘வடிவ’த்தைச் சார்ந்தது என்று எழுத மறந்தால், மேக் அதை அறியாது, பழைய தவறு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். (கம்பைலரைக் கொண்டே இந்தப் பட்டியலை எழுதவைக்கும் வழி இப்போது உண்டு. பெரிய புராஜெக்டுகளில் அதைச் செய்யாமலிருப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.) அடுத்தது, கடிகாரத்தை நம்புவது. பழைய பிரதியிலிருந்து ஒரு கோப்பை அதன் பழைய தேதியுடனேயே மீட்டு வைத்தால், அது மாறியிருக்கிறது என்பதே மேக்கின் கண்ணில் படாது. வலைப்பின்னலில் உள்ள இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் இதே குழப்பம்தான்.

மேக்கைப் பற்றி ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அதன் கோப்பில் கட்டளை வரிகள் ‘டேப்’ விசையை அழுத்தி விடும் இடைவெளியோடு தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளிகளை விட்டால் ஏற்காது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதால் பிழை எங்கே என்று தேடித் தேடி அலுத்தவர்கள் ஏராளம். இது சரியான ஏற்பாடன்று என்பது ஃபெல்ட்மனுக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவர் மாற்றாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக, இன்றும் உலகெங்கும் மேக் கோப்பு எழுதுகிறவர்கள் டேப் விசையை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்!

மேக்குக்குப் பின் வந்தவை பல. ஜாவா மொழிக்காரர்களுக்கு 2000-ஆம் ஆண்டில் ‘ஆன்ட்’, பின்னர் ‘மேவன்’, ‘கிரேடில்’ என்று வரிசையாக வந்தன. இவற்றில் மேவன் ஒரு புதிய கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. புரோகிராமுக்கு வேண்டிய பிறர் எழுதிய நூலகங்களின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிவிட்டால், அதுவே தேடிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கூகுள் நிறுவனம் 2015-இல் வெளியுலகுக்கு வழங்கிய ‘பேசல்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது கடிகாரத்தை நம்புவதில்லை. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் செலுத்தி, அதற்கென ஓர் எண்ணைப் பெறுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். தேதி பழையதானாலும் புதியதானாலும் கவலையில்லை. அதோடு, ஒவ்வொரு கோப்பையும் மாற்றும்போது, பட்டியலில் சொல்லப்பட்ட கோப்புகளை மட்டுமே கம்பைலரின் கண்ணில் காட்ட முயல்கிறது. ‘வடிவ’த்தைப் பட்டியலில் சேர்க்க மறந்தீர்களா? பில்ட் அப்போதே நின்றுவிடும். மறதி, ஆறு மாதம் கழித்துப் பிழையாக வெளிப்படாமல் அன்றைக்கே வெளிப்படுகிறது.

அப்படியானால் எல்லாரும் பேசலையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கூடாது. எல்லாவற்றையும் விடாமல் எழுதிக் கொடுப்பதென்பது பெரிய உழைப்பு. பல நூறு பேர் ஒரே புராஜெக்டில் கைவைக்கும் இடத்தில் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. நம் சொல் அடுக்கும் புரோகிராமுக்கு அதைக் கொண்டுவருவது, தெருமுனைக் கடைக்குப் போக ரயில் பாதை போடுவது போலாகும். மேக்கே போதும்.

ஒருவரே எழுதும்வரை இவ்வளவுதான் தொல்லை. பலர் சேர்ந்து எழுதும்போது இன்னொன்று முளைக்கிறது. “என் கணிப்பொறியில் ஓடுகிறதே!” என்ற பதிலைக் கேளாத மென்பொருள் அலுவலகம் இருக்க முடியாது. அவருடைய கணிப்பொறியில் என்றோ நிறுவி மறந்துபோன ஏதோ ஒன்று இருக்கும், மற்றவரிடம் இராது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர், தம் மாற்றங்களால் சக ஊழியர்களின் பில்ட் அடிக்கடி உடைந்துபோவதைக் கண்டு, 2004-இல் ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். யார் எதை மாற்றினாலும் உடனே பொதுவான ஒரு கணிப்பொறியில் முழு பில்டையும் செய்து, சோதனைகளையும் ஓட்டி, சரியா தவறா என்று சொல்லிவிடும். ‘ஹட்சன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் உரிமைத் தகராறால் 2011-இல் அது ‘ஜென்கின்ஸ்’ ஆயிற்று. இன்று கிட்ஹப், கிட்லேப் போன்றவை இதே வேலையைத் தம் சொந்தக் கணிப்பொறிகளில் செய்து தருகின்றன.

இதுவரை சொன்னது சமையல். பரிமாறுவதில் தவறினால் என்ன ஆகும்? அதே நியூஜெர்சி மாநிலத்தில், ஜெர்சி சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் கதை அதைச் சொல்லும்.

2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் சிறு முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்று தொடங்க இருந்தது. அதற்கேற்பத் தன் புரோகிராமை நைட் மாற்றி எழுதியது. அப்புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது எட்டுக் கணிப்பொறிகளில். ஜூலை 27 முதல் ஊழியர் ஒருவர் புதிய புரோகிராமை அவற்றில் ஏற்றினார். ஏழில் ஏற்றினார், எட்டாவதில் ஏற்றவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து மூலமான நடைமுறை அங்கே இல்லை. எனவே ஒருவரும் கவனிக்கவில்லை.

எட்டாவதில் இருந்தது பழைய புரோகிராம். அதற்குள் ‘பவர் பெக்’ என்ற ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருந்தது. நிறுவனம் அதைப் பயன்படுத்துவதை 2003-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் புரோகிராமிலிருந்து அகற்றவில்லை. அதை எழுப்பும் அடையாளக் குறியையே புதிய திட்டத்துக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். ஏழு கணிப்பொறிகளில் அந்தக் குறி புதிய வேலையைக் குறித்தது. எட்டாவதில் அது பவர் பெக்கை எழுப்பியது. வந்த ஆர்டர் நிறைவேறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை, 2005-இல் செய்த ஒரு மாற்றத்தில் வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அதன்பின் பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆகவே விழித்துக்கொண்ட பவர் பெக்குக்கு நிறுத்தத் தெரியவில்லை.

காலை 9-30-க்குச் சந்தை திறந்தது. சுமார் 45 நிமிடங்களில், வாடிக்கையாளர்கள் அனுப்பிய வெறும் 212 ஆர்டர்களுக்காக 154 கம்பெனிகளின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்கள் நடந்துவிட்டன. கைமாறிய பங்குகள் 39 கோடிக்கு மேல். திகைத்துப்போன பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய புரோகிராமில்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக ஓடிய ஏழு கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஒன்றில் மட்டும் ஆடிக்கொண்டிருந்த பேய் எட்டிலும் ஆடத் தொடங்கிற்று! நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். சில நாட்களில் வெளியார் பணத்தால் கம்பெனி தப்பியது; ஆனால் மறு ஆண்டே வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தனித்தன்மையை இழந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. மேலே சொன்ன விவரங்கள் அவ்வாணையத்தின் உத்தரவில் உள்ளவை.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, கோளாற்றைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைக் கணிப்பொறி தானாகவே அனுப்பியிருந்தது. எச்சரிக்கையாகக் கருதப்படும் அஞ்சல்கள் அல்ல அவை. ஆகவே யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

இங்கே தானியங்கிக் கருவி இருந்திருந்தால் தப்பியிருக்கலாமா? எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. எட்டுக் கணிப்பொறிகளுக்கும் வரிசையாக நகல் அனுப்பு என்று ஒரு கட்டளைத் தொடர் எழுதுவது எளிது. ஆனால் ஒன்றோடு தொடர்பு கிடைக்காமல் போனால் ஓசைப்படாமல் அடுத்ததற்குப் போய்விடும் தொடர்களும் உண்டு. கை செய்த தவறை அது வேகமாகச் செய்யும், அவ்வளவே வேறுபாடு.

இதற்கு மாற்றாக வேறொரு வழி உண்டு. வீட்டில் சிறுவனை அழைத்து, “போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வா” என்கிறோம். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அவன் தட்டியதும் அணைந்துவிடும். “விளக்கு எரிகிறதா பார், எரியாவிட்டால் போடு, போட்டதும் எரிகிறதா என்று பார்த்து வந்து சொல்” என்றால் இந்த ஆபத்து இல்லை. பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. நார்வேயில் ஆஸ்லோவில் பணியாற்றிய மார்க் பர்ஜஸ், 1993-இல் ‘சி.எஃப். எஞ்சின்’ என்ற கருவியில் இந்த முறையைக் கையாண்டார். பின்னர் வந்த ‘பப்பெட்’, ‘ஆன்சிபிள்’ முதலியவையும் இக்கொள்கையைத் தழுவியவை. ‘இன்னின்ன கணிப்பொறிகளில் இந்தப் பதிப்பு இருக்க வேண்டும்’ என்று விரும்பும் நிலையை நாம் எழுதுகிறோம். கருவி ஒவ்வொன்றையும் விசாரித்து, குறையுள்ள இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. எட்டாவது பதில் சொல்லாவிட்டால், ஏழு சரி, ஒன்று தவறு என்று அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையைப் பார்த்த பிறகே சந்தையைத் திறப்பது என்ற விதியையோ மனிதர்கள்தாம் வகுக்க வேண்டும். எட்டாவதை விடாமல் பட்டியலில் எழுதி வைப்பதும் மனிதர் வேலைதான். 97 கடிதங்களைப் படிக்காதவர்கள் 98-ஆவதைப் படிப்பார்கள் என்று எந்தக் கருவியும் உறுதி கூற முடியாது.

கருவி தேடும்போது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு என்ற கணக்கு கையில் இல்லாமல் பின்வாங்கினால் என்ன நேரும் என்பதை நைட்டின் ஏழு கணிப்பொறிகள் காட்டிவிட்டன. வேறொருவர் கணிப்பொறியில் இலவசமாகக் கிடைக்கும் சேவையானால், அவர் மனம் மாறினால் என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். ‘ட்ராவிஸ்’ என்ற சேவை திறந்த மூலப் புரோகிராம்களுக்குப் பல்லாண்டுகள் இலவசமாக பில்ட் செய்து தந்தது. 2020 நவம்பரில் அது விதிகளை மாற்றவே, பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேட நேர்ந்தது. பில்டின் படிகளை மேக் போன்ற ஒன்றில் எழுதி வைத்து, சேவைக்காரரிடம் ‘மேக்கை ஓட்டு’ என்று மட்டும் சொல்லியிருந்தவர்களுக்கு மூட்டை சிறியதாக இருந்தது.

உங்கள் புராஜெக்டுக்கு ஒரு கருவியைத் தேர்ந்துவிட்டீர்களா? அது போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. உங்கள் புராஜெக்டைப் பற்றி ஒன்றும் அறியாத நண்பர் ஒருவரை, இதுவரை அதைக் காணாத ஒரு கணிப்பொறியின் முன் உட்காரவையுங்கள். மூலக் கோப்புகளையும், தட்டவேண்டிய ஒரே ஒரு கட்டளையையும் கொடுங்கள். பிறகு வாய் திறக்கக் கூடாது. ‘இந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு?’, ‘கடவுச்சொல் எங்கே?’, ‘முதலில் இதையா, அதையா?’ என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருந்த கணக்கு அத்தாளில் ஏறிவிடும். அடுத்த வாரம் வேறொரு நண்பரைக் கூப்பிடுவதற்குள், அதில் எத்தனையைக் கருவியிடம் ஒப்படைக்க முடிகிறது என்று பாருங்கள்.